நாளைய வீரனை இன்று மதிப்பிடுதல்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ யோர்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்ரவுன் என்றொரு சிற்றூர் உண்டு. பேஸ்போல் விளையாட்டிலே புகழ் நாட்டியவர்களின் உருவத்தை வெண்கலத் தகட்டிற் பொறித்து வைக்கும் மண்டபம் அங்கே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இருவர் ஒரே மேடையில் அம்மண்டபத்துட் சேர்க்கப்பட்டனர். ஒருவர் கென் கிறிபி இளையவர். மற்றவர் மைக் பியாசா. 1987ஆம் ஆண்டிலே தொழில்முறைக் கழகங்கள் இளைஞரைத் தெரிந்தெடுத்தபோது, நாட்டிலுள்ள அனைவருள்ளும் முதல்வராக எடுக்கப்பட்டவர் கிறிபி. அடுத்த ஆண்டில் பியாசா எடுக்கப்பட்டது 62ஆம் சுற்றிலே, 1,390ஆவது ஆளாக. அதுவும் அவருடைய தந்தையின் நண்பரும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் கழகத்தின் முகாமையாளருமாகிய ரொமி லசோர்டா காட்டிய தயவினாலே கிடைத்த இடம். அவருக்கு முன்னே 1,389 பெயர்கள் வாசிக்கப்பட்டன. வாசித்தவர்கள் விளையாட்டறியாதவர்கள் அல்லர். அதுவே தொழிலாக வாழ்ந்தவர்கள்.

இத்தகைய பிழை எவ்வாறு நேர்கின்றது? அது பிழைதானா? இதனையே இன்று நாம் சற்று ஆராய்வோம்.

பேஸ்போலை நம்மிற் பலர் பார்த்திருக்கமாட்டோம். கிரிக்கெட்டின் உறவு விளையாட்டு என்று கொண்டாற் போதும். எறிபவர் பந்தை நிலத்திற் படாமல் நேரே எறிகின்றார். எதிரே நிற்பவர் உருண்டையான மட்டையால் அதனை அடித்துவிட்டு, தொண்ணூறு அடிக்கு ஒன்றாக அமைந்த தளங்களைச் சுற்றி ஓடுகின்றார். இவ்விளையாட்டின் உயர்தரக் கூட்டணியை மேஜர் லீக் என்பர். இன்று அதில் 30 கழகங்கள் உள்ளன.

முற்காலத்தில் ஒரு கெட்டிக்காரப் பையன் எங்கே இருப்பினும், அவனுடைய வீட்டுக்கு முதலிற் சென்று கூடிய பணத்தைக் காட்டும் கழகமே அவனைக் கொண்டுபோகும். 1964ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழக மாணவர் றிக் றைக்காட் என்பவருக்கு ஏஞ்சல்ஸ் கழகம் 205,000 டொலர் கொடுத்தது. அன்று அது பெருந்தொகை. கழகச் சொந்தக்காரர் திகைத்தனர். மறு ஆண்டு, 1965 ஜூன் மாதத்தில், நியூ யோர்க் நகரிலே முதலாவது ‘டிராப்ட்’ நடைபெற்றது. அதனை வீரர் தெரிவு எனலாம். முந்திய ஆண்டில் ஆகப் பின்தங்கிய கழகம் முதலில் ஒருவரைப் பெயர் சொல்லி எடுக்கும். பின்னர் முறையே ஏனையவை எடுக்கும். எடுக்கப்பட்டவர் அக்கழகத்தோடு மட்டுமே பேரம் பேசலாம். ஏழைக் கழகத்துக்கும் நல்ல வீரர் கிடைக்கட்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். செலவைக் குறைப்பது சொல்லப்படாத நோக்கம். இன்று இது ஜூலை மாதத்தில் 20 சுற்றுகளாக நடைபெறுகின்றது. முதல் ஆறு இடங்களின் வரிசையை 2023ஆம் ஆண்டுத் தெரிவிலிருந்து குலுக்கல் முறையால் நிச்சயிக்கின்றார்கள்.

உயர்நிலைப் பாடசாலையை முடித்த மாணவனை எடுக்கலாம். அவன் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயதாகும்வரை, பொறுத்திருக்க வேண்டும். ஆகவே மதிப்பிடப்படுவோர் பெரும்பாலும் 17 முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள்.

இவர்களைத் தேடி ஊரூராய்ச் செல்பவரை ஆங்கிலத்தில் ‘ஸ்கவுட்’ என்பர். நம் பாடசாலைச் சாரணருக்கும் அதே பெயர்தான். ஆயினும் இவர் வேறு. இவரை நாம் மதிப்பீட்டாளர் என்போம். சிறு பட்டினத்துப் பாடசாலை மைதானத்திலே, வலைக்குப் பின்னால், குறிப்புப் புத்தகமும் நிறுத்தற் கடிகாரமுமாய் உட்கார்ந்திருப்பார். பந்தை அடித்த கணத்திலிருந்து முதலாம் தளத்தை மிதிக்கும்வரை நேரம் எடுப்பார். வலக்கையாட்டக்காரன் 4.3 வினாடியளவில் ஓடினால் நடுத்தரம். எறிபவனின் வேகத்தை அளக்க றேடார்க் கருவி உண்டு. வீதியில் மோட்டார் வண்டிகளின் வேகத்தைப் பிடிக்கப் பொலிசார் வைத்திருந்த கருவியை 1974இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் டானி லிற்வைலர் என்பவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார்.

பந்தை மட்டையாற் சரியாகச் சந்தித்தல், தொலைவுக்கு அடிக்கும் வலு, ஓட்டம், எறியும் கை, தடுத்துப் பிடிக்கும் திறமை ஆகிய ஐந்துக்கும் மதிப்பீட்டாளர் புள்ளி இடுவார். புள்ளி 20இற் தொடங்கி 80இல் முடியும். மேஜர் லீக்கில் ஆடும் வீரரின் நடுத்தரம் 50. இங்கே கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஒவ்வொரு திறமைக்கும் அவர் இடுவது ஒரு புள்ளி அன்று, இரண்டு: ஒன்று இன்றைய நிலை, மற்றது முதிர்ந்த காலத்தில் அவன் அடையக்கூடிய நிலை. பாடசாலையிலே யாவரையும் மிஞ்சி அடிப்பவனுக்கும் இன்றைய நிரலில் 20 அல்லது 30 மட்டுமே விழும். நாளைய நிரலிலே 55 விழலாம். கழகம் பணத்தைக் கொட்டுவது இரண்டாவது நிரலை நம்பியே.

பாடசாலை அதிபனாக எத்தனையோ பெறுபேற்றுத் தாள்களிற் கையொப்பமிட்டவன் நான். எங்கள் தாள்களில் ஒரே நிரல்தான் உண்டு. அன்று அப்பிள்ளை எழுதியதற்கு உரிய புள்ளியை இட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். இரண்டாவது நிரலையும் நிரப்புமாறு என்னைப் பணித்தால் பேனாவைத் தொடக் கை கூசும்.

ஓட்டத்தையும் எறியும் வலுவையும் கருவி அளந்துவிடும். அளக்கவியலாதது முதலாவது திறமையாகிய அடித்தல். எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து இத்தூரத்தை ஏறக்குறைய 0.4 வினாடியிற் கடக்கின்றது. அதற்குள்ளே பந்து நேரானதா வளைவதா என்று கண்டு, அடிப்பதா விடுவதா என்று தீர்மானித்து, மட்டையைச் சுழற்றவும் வேண்டும். சிற்றூர்ப் பாடசாலை ஆட்டத்தில் அவனுக்கு எதிரே எறிபவனோ அவ்வேகத்தில் எறிய வல்லவன் அல்லன். ஆகவே அவன் நூறு ஓட்டம் எடுத்தாலும் அதிலிருந்து நாம் அறிவது அற்பம். பல்கலைக்கழக ஆட்டங்களில் வேறொரு மயக்கம் உண்டு. அங்கே 1974 முதல் உலோக மட்டைக்கு அனுமதி இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டையே விதி. உலோகத்தில் விளிம்பிற் பட்ட பந்தும் பறக்கும், மரத்திலோ மட்டை முறியும். இதனாலேயே மசச்சூசெற்ஸ் கரையோரத்தில் மாணவர்கள் மர மட்டையோடு ஆடும் கேப் கொட் கோடைகாலப் போட்டிக்கு மதிப்பீட்டாளர்கள் திரண்டு செல்கின்றனர்.

நாளின் குணமும் ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்து அல்வின் என்ற ஊரிலே நோலன் றயன் என்ற மெலிந்த பையன் இருந்தான். நியூ யோர்க் மெற்ஸ் கழகத்தின் மதிப்பீட்டாளர் றெட் மேர்ப் அவனது எறியைக் கண்டு வியந்து தலைமையகத்துக்கு எழுதினார். மேலதிகாரி நேரிற் பார்க்க வந்த அன்றோ பையன் மோசமாக எறிந்தான். அவ்வாண்டு அவன் 12ஆம் சுற்றிலே, 295ஆவதாக எடுக்கப்பட்டான். பின்னர் அவர் 5,714 பேரை மட்டையாற் பந்தைத் தொடவியலாமல் ஆட்டமிழக்கச் செய்தார். அச்சாதனையை இன்றளவும் எவரும் நெருங்கவில்லை. மேர்ப் ஒரு நாளை நம்பாமற் பல நாள் பார்த்தவர். மேலதிகாரிக்குக் கிடைத்தது ஒரே நாள்.

ஊரின் தட்பவெப்பமும் ஒருவனை மறைத்துவிடும். மைக் ட்றவுட் நியூ ஜேர்சி மாநிலத்து மில்வில் ஊரவர். அங்கே வசந்த காலம் குளிரோடு வரும். ஆட்டங்கள் குறைவு, எதிரணிகளும் வலியன அல்ல. கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் ஆண்டு முழுவதும் ஆடிய பையன்களோடு ஒப்பிட்டு இவரை நிறுப்பது எவ்வாறு? 2009ஆம் ஆண்டிலே 24 பெயர்களுக்குப் பின்னரே ஏஞ்சல்ஸ் கழகம் இவரை எடுத்தது. அந்த 24ஆவது பெயரைச் சொன்னதும் அதே ஏஞ்சல்ஸ்தான். அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள் அதனிடம் இருந்தன. இவர்மீது நம்பிக்கை வைத்த அக்கழகத்து மதிப்பீட்டாளர், கீழ்த்தரக் கூட்டணியிலே ட்றவுட்டின் தந்தையோடு ஒன்றாக ஆடியவர். பிள்ளையைப் பார்க்கும்போது தந்தையின் உடற்கட்டையும் உடன்வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. 2014, 2016, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில் ட்றவுட் தம் கூட்டணியின் ஆகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றார்.

மதிப்பீடு என்றுமே தவறும் என்று நான் சொல்ல வரவில்லை. லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்து எறிவீரர் போல் ஸ்கீன்சை 2023இல் பிற்ஸ்பேர்க் கழகம் முதல்வராக எடுத்து 9.2 மில்லியன் டொலர் கொடுத்தது. மறு ஆண்டே அவர் மேஜர் லீக்கில் எறிந்து சிறந்த புதுவீரர் விருதும் பெற்றார். கண்ணும் கருவியும் ஒருமுகமாய்ச் சொல்லும் இளைஞர்கள் உண்டு. ஆயின் அவர்கள் சிலரே.

உடலின் விதியை எவர் எழுதுவார்? 1966இல் மெற்ஸ் கழகம் பந்து பிடிப்பவராகிய ஸ்ரீவ் சில்கொட்டை முதலாவதாக எடுத்தது. அடுத்ததாகப் பெயர் சொல்லப்பட்டவர் றெஜி ஜாக்சன். ஜாக்சன் 563 ‘ஹோம் ரன்’ அடித்து கூப்பர்ஸ்ரவுன் சென்றார். சில்கொட்டோ தோளிற் காயமுற்று ஒரு தடவையேனும் மேஜர் லீக்கில் ஆடாமல் விலகினார். 1991இல் யாங்கீஸ் கழகம் வட கரோலைனாவைச் சேர்ந்த பிறையன் டெய்லருக்கு 1.55 மில்லியன் டொலர் கொடுத்தது. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பிலே, அவர் எறியும் இடத்தோள் சிதைந்தது. அவரும் உச்சியை அடையவில்லை. இவ்விரண்டு தெரிவுகளையும் மதிப்பீட்டாளரின் பிழை என்று என் மனம் ஒப்பாது.

பிழை என்று சொல்லத்தக்கது வேறொன்று. பில்லி பீன் என்பவருடைய கதையில் அதனைக் காணலாம்.

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரத்துப் பாடசாலை மாணவன் பீன். உயரம், தோளகலம், ஓட்டம், எறி, வலு ஆகிய யாவும் அவனிடம் இருந்தன. பார்த்த மாத்திரத்தே ‘இவன்தான்’ என்று சொல்லத் தோன்றும் உருவம். ஆனால் கடைசி ஆண்டிலே அவனது அடித்தற் சராசரி முன்னைய ஆண்டிலும் மிக விழுந்துவிட்டது. அந்த இலக்கத்தை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. தோற்றத்தின் ஒளியிலே கணக்கு மங்கிப்போயிற்று. தோல்வி வந்தால் அவன் அதனைத் தாங்கமாட்டாமற் கொதிப்பவன் என்பதும் அவ்வாறே தப்பிவிட்டது. பேஸ்போலோ தோல்வியால் நிறைந்த விளையாட்டு. பத்துத் தடவை வந்து மூன்று முறை சரியாக அடிப்பவனே அங்கே பெரிய வீரன். மீதி ஏழு முறையையும் மறந்துவிட்டு மறுநாள் வரும் மனம் வேண்டும். அம்மனத்துக்கு மதிப்பீட்டாளரின் தாளிலே தக்க கட்டம் இல்லை.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் பீனை வரவேற்கக் காத்திருந்தது. 1980இல் மெற்ஸ் கழகம் 23ஆவதாக அவரை எடுத்து 125,000 டொலரை நீட்டியது. பதினெட்டு வயதுப் பையனும் பெற்றோரும் அதனை ஏற்றார்கள். இவ்வாறு கையொப்பமிடுவோர் நேரே பெரிய அரங்குக்குப் போவதில்லை. கீழ்த்தரக் கூட்டணிகளிற் படிப்படியாக ஏறவேண்டும். பஸ் வண்டியில் இரவுப் பயணம், சொற்பச் சம்பளம். ஏறியவர் சிலர், இறங்கி வீடு திரும்பியவர் மிகப் பலர். பீன் ஏறினார். 1984 முதல் 1989 வரை 148 ஆட்டங்கள் ஆடி, .219 என்ற சராசரியோடு நின்றார். நூறு தடவைக்கு இருபத்திரண்டு என்று கொள்க. 1990இல் ஆட்டத்தைத் துறந்து, அக்காலத்தில் ஓக்லந்தில் இருந்த அத்லெற்றிக்ஸ் கழகத்திலே மதிப்பீட்டாளராக வேலை கேட்டுப் பெற்றார். நிறுக்கப்பட்டவரே தராசைக் கையிலெடுத்தார்.

பின்னர் அக்கழகத்தின் பொது முகாமையாளராய் உயர்ந்த பீன், 2002ஆம் ஆண்டுத் தெரிவிலே உருவத்தை விட்டுக் கணக்கைப் பார்க்கத் துணிந்தார். பல்கலைக்கழகத்தில் ஆயிரம் பந்துகளைச் சந்தித்து, தீய பந்தை அடிக்காமல் விடும் பொறுமையைக் காட்டியவர்களை நாடினார். அவ்வாண்டு எடுத்த நிக் சுவிஷர் பல்லாண்டு நன்றாக ஆடினார். உடல் பருத்தவர் என்று பிறர் நகைத்த ஜெரமி பிறவுனை முதற் சுற்றிலேயே எடுத்தார். அவரோ மேஜர் லீக்கில் ஐந்தே ஆட்டங்கள் ஆடினார். கணக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. மைக்கல் லூயிஸ் 2003இல் எழுதிய நூலினால் இச்செய்தி உலகெங்கும் பரவியது. நூலைப் படித்த பலர் கண்ணாற் பார்ப்பவரின் காலம் முடிந்தது என்று எண்ணினர். அது முடியவில்லை. இன்று ஒவ்வொரு கழகமும் கணித அறிஞரையும் வைத்திருக்கிறது, வலைக்குப் பின்னால் உட்காரும் மனிதரையும் வைத்திருக்கிறது.

2002ஆம் ஆண்டின் இறுதியிலே பொஸ்ரன் கழகம் பீனுக்கு ஐந்தாண்டுகளுக்கு 12.5 மில்லியன் டொலர் தருவதாக அழைத்தது. அவர் முதலில் இசைந்து, பின் மறுத்து, ஓக்லந்திலேயே இருந்துவிட்டார். வாழ்நாளிற் பணத்தைப் பார்த்து ஒரே ஒரு முடிவைப் பதினெட்டு வயதில் எடுத்ததாகவும், மீண்டும் அவ்வாறு செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்ததாகவும் அவர் காரணம் கூறினார்.