ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

லண்டனின் லூயிஷம் பகுதியில், வாகனங்கள் ஓயாத சவுத் சர்க்குலர் சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமா முற்றி இறந்தாள். அதற்குமுன் ஏறக்குறைய 30 முறை அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். 2014-இல் நடந்த மரண விசாரணையின் முடிவில் காற்று மாசுக்கு இடமே இல்லை. தாய் ரோசமுண்ட் விடவில்லை. மகள் சேர்க்கப்பட்ட தேதிகளையும், அந்த வட்டாரக் காற்றுத் தர நிலையத்தின் பதிவுகளையும் பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட் ஒப்பிட்டுப் பார்த்தார். மாசு ஏறியதற்கும் அவளுக்கு மூச்சு முட்டியதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. 2020 டிசம்பரில் முடிந்த இரண்டாம் விசாரணை, இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிந்தது. பிரிட்டனில் ஒரு தனிமனிதரின் மரணத்தில் அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை.

தேதி போட்ட மருத்துவமனைக் காகிதங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. இங்கே, சென்னையின் ஆலைப் பகுதிகளான மணலியிலோ எண்ணூரிலோ குழந்தைக்கு வீசிங் வந்தால் நெபுலைசர் வைப்பார்கள், ஓ.பி. சீட்டில் மருந்து எழுதித் தருவார்கள். மருந்து தீர்ந்ததும் சீட்டும் எங்கோ போய்விடும். அடுத்த முறை புதுச் சீட்டு. நோய் தொடர்கிறது, சாட்சி மட்டும் தொலைகிறது.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை 1986 ஆகஸ்டு முதல் 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமாவோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகள், அது மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. ஆய்வாளர் ஆர்டன் போப் இதைக் கண்டுபிடித்ததும் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டித்தான்.

2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்தூசி நுரையீரலின் காற்றறைவரை போய் ரத்தத்திலும் கலக்கிறது. அதனால் மாசு மிகுந்த நாட்களில் மாரடைப்பு, பக்கவாதம் என்று வருவோரும் கூடுகிறார்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால் அவரையும் புகையிலிருந்து காக்க வேண்டும். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் அன்றாட அளவு கிடைக்கும். ஆனால் அதில் ‘திருப்தி’ என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் நுண்தூசி வரை அந்தத் தரத்துக்குள் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஒருநாள் வரம்பு 15.

சுத்தமான காற்று, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல், சுபாஷ் குமார் வழக்கிலேயே சொல்லிவிட்டது. அந்த உரிமையைக் கேட்கப் போகும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும். மருத்துவக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். சேர்க்கும்போதே, “டாக்டர், ராத்திரி கம்பெனிப் பக்கமிருந்து நெடி வந்தது, அதற்கப்புறம்தான் இழுப்பு வந்தது. அதையும் எழுதுங்க” என்று சொல்லுங்கள். அதே இரவில் நாலு வீட்டில் இப்படி நடந்திருந்தால் நாலு வீட்டுச் சீட்டும் சேரட்டும். ஒற்றைச் சீட்டைத் தற்செயல் என்று ஒதுக்குவது எளிது.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகாரை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ஆலைக்குத் தந்த இயக்க அனுமதியின் நிபந்தனைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதிலும் நகராவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி, பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, அந்த அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. எல்லாப் பாதிப்புக்கும் அப்படி நடக்காது, நாமேதான் போக வேண்டும். தடை கேட்பதானால் ஆறு மாதத்துக்குள், இழப்பீடு கேட்பதானால் ஐந்து ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.