படகு வந்த கணக்கும் டீசலுக்கான கணக்கும்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை காவல்துறையை மாநிலப் பட்டியலில் வைத்திருப்பதால், ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் குமரிக் கடற்கரையைக் காக்கும் காவலருக்குச் சம்பளம் தருவது தமிழ்நாடு அரசே. ஆனால் அவர் ரோந்து செல்லும் படகும், இறங்கி வந்து டைரி எழுதும் நிலையக் கட்டடமும் பெரும்பாலும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் நிதியில் வந்தவை. ஆள் ஒரு கருவூலத்திலும் கருவி இன்னொரு கருவூலத்திலுமாக அமைந்த இந்த ஏற்பாட்டில், எந்தச் செலவு யாருடையது என்பதே அடிப்படைக் கேள்வி.

மத்திய நிதி இரண்டு முக்கிய வழிகளில் வந்திருக்கிறது. 1969-70 முதல் நடந்துவரும் காவல்துறை நவீனமயமாக்கல் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. மாவட்டங்களின் தேவைகள் சென்னையில் தொகுக்கப்பட்டு, மாநிலச் செயல்திட்டமாக டெல்லிக்குப் போகின்றன. ஆகவே நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கைக்குப் பணம் வருவதில்லை; ஜீப்பாகவோ வயர்லெஸ் கருவியாகவோ பொருள்தான் வந்து சேர்கிறது. அமெரிக்காவிலோ மத்திய அரசு காவல் பணிகளுக்குத் தரும் பைர்ன் நினைவு மானியத்தில் ஒரு மாநிலத்துக்கான ஒதுக்கீட்டின் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கென்று பிரிக்கப்படுவதால், ஒரு நகரமே நேரடியாக விண்ணப்பித்துப் பெறலாம். அந்த உரிமை இங்கே எந்த மாவட்டத்துக்கும் கிடையாது.

குமரிக்கு நெருக்கமானது இரண்டாவது வழியான கடலோரப் பாதுகாப்புத் திட்டம். 1993 மும்பைக் குண்டுவெடிப்புக்கான வெடிபொருள் கடல்வழியே இறங்கியதும், கார்கில் போருக்குப் பின் அமைந்த அமைச்சர்கள் குழு 2001இல் அளித்த பரிந்துரையும் இதற்குப் பின்னணி. 2005-06இல் தொடங்கிய முதல் கட்டம் நாடு முழுவதற்குமாக 73 கடலோரக் காவல் நிலையங்களையும் 204 படகுகளையும் தந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின், 2011 ஏப்ரலில் 1,579.91 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய இரண்டாம் கட்டம் மேலும் 131 நிலையங்களுக்கு வழிசெய்தது. இவற்றில் தமிழ்நாட்டின் பங்கு முதல் கட்டத்தில் 12 நிலையங்கள், இரண்டாம் கட்டத்தில் 30. குமரி மாவட்டத்தில் கன்னியாகுமரியிலும் குளச்சலிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன.

பணம் எப்படித் தவணையாக இறங்குகிறது என்பதை அறிய ஒரே ஒரு தாளைப் பார்த்தால் போதும். வந்த தொகை எவ்வளவு, ஒப்புதல் பெற்ற இனத்துக்கே செலவானதா, மிச்சம் என்ன என்று அதிகாரி கையெழுத்திட்டு அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழ் அது. அலுவலகப் பேச்சில் 'யூ.சி.'. இந்தத் தாள் நிலுவையில் நின்றால் அடுத்த தவணையும் நின்றுவிடும். நிலம் கிடைக்காமல் கட்டட வேலை தள்ளிப்போனால், தேவை குறையாமலே செலவு குறைந்ததாகக் கணக்கு காட்டும். இது இத்தகைய எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான நோய்.

இரண்டாம் கட்ட மதிப்பீட்டில் 1,154.91 கோடி ஒருமுறைச் செலவு. 425 கோடி மட்டுமே தொடர்செலவு. உப்புக்காற்றில் நிற்கும் விசைப்படகோ ஓடினாலும் டீசல் கேட்கும், ஓடாவிட்டாலும் பழுது கேட்கும். கட்டடம் திறக்கப்படும்போது நாடா வெட்டப்படுகிறது; என்ஜினுக்கு உதிரிப்பாகம் வாங்கியதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. நிதி ஒதுக்கீட்டின் சாய்வும் அதே பக்கம்தான்.

பகிர்வு பணத்தோடு முடிவதுமில்லை. கடலோர நிலையங்கள் 1994இல் உருவான கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் இயங்க, கரையிலுள்ள ஊர்கள் மாவட்டக் காவல்துறையின் எல்லையில் வருகின்றன. சாகர் கவச் என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நாட்களில்தான் இரண்டும் கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றோடு ஒரே களத்தில் நிற்பதை மக்கள் பார்க்கிறார்கள். நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்களோ அதைத் தாண்டி வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, கடலோரக் காவல் நிலையங்களின் சிறு படகுகள் அவர்களைத் தேடிப் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவை அதற்காகக் கட்டப்பட்டவையும் அல்ல.

இரண்டாம் கட்டம் 2020 மார்ச்சுடன் முடிந்தது. இனி டீசலுக்கும் பழுதுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை அறிய விரும்பும் குமரி வாசகர், ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்படும் காவல்துறை மானியக் கோரிக்கை எண் 22இன் ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.