காற்று வராத கருவியிலும் தலைசுற்றல் குறைந்தது

“அம்மாவுக்கு மெனியர் நோய் என்கிறார் டாக்டர். திடீரென்று வீடே சுற்றுகிறது, வாந்தி வருகிறது, காதுக்குள் ஓயாத இரைச்சல். காதுக்குள் காற்றை அழுத்தும் கருவி ஒன்று வெளிநாட்டில் இருக்கிறதாம். கடன் வாங்கியாவது வரவழைக்கலாமா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். கடன் வாங்கி வேண்டவே வேண்டாம். ஆனால் இந்த ‘வேண்டாம்’ எப்படித் தெரியவந்தது என்ற கதை கருவியைவிட எனக்குப் பிடித்தமானது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சுழற்சிக்குக் காரணம் உட்செவிதான் என்று 1861-இல் பாரிஸில் புரோஸ்பெர் மெனியர் சொன்னார். 1938-இல் லண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், அதே ஆண்டில் ஜப்பானில் யமகாவாவும், இறந்த நோயாளிகளின் உட்செவியில் திரவம் தேங்கி உப்பியிருந்ததைக் கண்டார்கள். 1970-களில் ஸ்வீடனில் நோயாளிகளை அழுத்த அறையில் உட்காரவைத்துக் காற்றழுத்தத்தை மாற்றியபோது சிலருக்குச் சுற்றல் தணிந்தது.

அந்த வழியில் வந்ததுதான் ‘மெனியட்’ என்ற கருவி. முதலில் செவிப்பறையில் துளையிட்டுக் கடுகளவுக் குழாய் ஒன்றைச் செருகுவார்கள். பிறகு நோயாளி வீட்டிலேயே, நாளைக்கு மூன்று வேளை, சில நிமிடங்கள் கருவியைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய காற்றுத் துடிப்புகள் துளை வழியே போய் உட்செவியை அழுத்தும், தேங்கிய திரவம் வடியும் என்று கணக்குப் போட்டார்கள். 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வழி கிடைத்தது. பயன்படுத்திய பலர் தேவலை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

சிக்கல் நோயின் சுபாவத்தில் இருக்கிறது. மெனியர் நோய் கொத்துக் கொத்தாகத் தாக்கும், பிறகு மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் புதுச் சிகிச்சையைத் தேடி ஓடுகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் எப்படியும் வரும். அந்த இறக்கத்தின் புகழ் அப்போது கையில் இருந்த கருவிக்குப் போய்விடுகிறது.

புரட்டாசி முடிந்தும் வானம் கறுக்காத ஊரில் தவளைக்குக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். ஐப்பசியில் மழை கொட்டுகிறது. கல்யாணமும் நிஜம், மழையும் நிஜம். ஏரி ததும்பும் மார்கழியில் யாரும் தவளைக்குத் தாலி கட்டுவதில்லை என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. சரி, இதைச் சோதிப்பது எப்படி? மழையில்லாத ஊர்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். எல்லா ஊரிலும் பந்தல், மேளம், சாப்பாடு. ஆனால் ஒரு பாதியில் மூடிய கூடைக்குள் தவளை இருக்காது. எந்தக் கூடையில் தவளை என்று பூசாரிக்கும் தெரியக்கூடாது, மழையை அளப்பவருக்கும் தெரியக்கூடாது. தவளை கத்தினால் குட்டு உடைந்துபோகும், ஆகவே காலிக் கூடையும் கத்த வேண்டும்.

கருவிச் சோதனையின் கஷ்டம் அந்தக் காலிக் கூடையில்தான். மருந்துக்குப் போலி மாத்திரை செய்வது எளிது. போலிக் கருவியோ அசலைப் போலவே தெரிய வேண்டும், அசலைப் போலவே காதில் உட்கார வேண்டும், சிகிச்சையை மட்டும் தரக்கூடாது.

பிரான்ஸில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் செய்தன. முடிவு 2017-இல் வெளியானது. மருந்துக்கு அடங்காத 129 நோயாளிகள். முதலில் எல்லாருக்கும் செவிப்பறைக் குழாய் மட்டும் வைத்துப் பார்த்தார்கள், குழாயே குணப்படுத்துகிறதா என்று தெரிய வேண்டுமே. அடுத்த கட்டத்துக்குப் போனவர்கள் 97 பேர். அவர்களில் ஒரு சாராருக்கு அசல், மறு சாராருக்குப் போலி, ஆறு வாரம். அசல் கருவிக்காரர்களின் சுற்றல் தாக்குதல்களின் சராசரி எண்ணிக்கை 3.2-இலிருந்து 2.5-ஆகக் குறைந்தது. இதை மட்டும் அச்சடித்தால் விளம்பரம் தயார். ஆனால் போலிக் கருவிக்காரர்களுக்கும் 4.3-இலிருந்து 2.6-ஆகக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை வியக்கவைக்கிறது. இரு தரப்பிலும் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சுற்றல் மேலும் குறைந்தது: அசல் 1.5, போலி 1.8. கருவியே இல்லாத வாரங்களில்!

அறுவைச் சிகிச்சையும் இதில் சிக்கியது. 1981-இல் டென்மார்க்கில் 30 நோயாளிகளில் பாதிப் பேருக்கு உட்செவித் திரவத்தை வடிக்கும் அறுவை, மற்றவர்களுக்குக் காதின் பின் எலும்பைக் குடைந்ததோடு சரி. இரு தரப்பிலும் பெரும்பாலோர் தேறினார்கள். பின்னாளில் அந்தக் கணக்கை மறுத்தவர்கள் உண்டு, சர்ச்சை நியாயமானதே. காற்றழுத்தக் கருவி விஷயத்தில் அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களின் 2020 வழிகாட்டி நேரடியாகவே சொல்லிவிட்டது: பரிந்துரைக்காதீர்கள்.

இதனால் தலைசுற்றலுக்கு எதுவுமே பலிக்காது என்று யாரும் மனம் தளர வேண்டாம். படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் மட்டும் சுற்றுகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு நோய்: உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழலுக்குள் விழுந்திருக்கும். தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் வெளியிட்டார். அதற்கும் போலிச் சிகிச்சை வைத்துச் சோதித்தார்கள். சில சோதனைகளில் அதே அசைவுகளை நோயில்லாத காதின் பக்கம் செய்தார்கள்; நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. நோயுள்ள பக்கம் முறையாகத் திருப்பப்பட்டவர்களே தெளிவான வித்தியாசத்தில் அதிகம் குணமானார்கள்.