படகின் எரிபொருள் மானி: பிழையும் திருத்தமும்

தரையில் ஓடும் வண்டியில் எரிபொருள் தீர்ந்துபோமாயின் அதனைத் தெருவோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து செல்லலாம். கடலில் அவ்வாறன்று. எஞ்சின் அடங்கிய படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்லும். பாறையோ, பெருங்கப்பல் வரும் வழியோ, கரையருகே உடையும் அலையோ அதற்கு எதிர்ப்படலாம். ஆகவே, தாங்கியில் எஞ்சியுள்ள எரிபொருள் எவ்வளவு என்னும் வினா கடலிற் செல்வோனுக்கு வெறும் செலவுக் கணக்கன்று. உயிரைப் பற்றிய கணக்குமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட உல்லாசப் படகுகள் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவை. எஞ்சினும் உட்பொருத்திய தாங்கியும் உடைய படகுகளிலே பெரும்பாலும் முகப்புப் பலகையில் ஓர் எரிபொருள் மானி இருக்கும். எனினும், பழகிய படகோட்டிகள் அதன் முள்ளை முற்றாக நம்புவதில்லை. இழுவைப் படகின் உதவியை நாடி அழைப்போர் கூறும் பொதுக் காரணங்களுள் எரிபொருள் தீர்ந்தமையும் ஒன்றாகவே இருந்து வருகின்றது. இம்மானி பொய்யுரைப்பது ஏன்? அப்பொய்யைத் திருத்த இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர் முதலில் ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். மானியின் பிழைகளுட் சில பழுதினால் வருவன. அவற்றைக் கையாற் செப்பனிடலாம். வேறு சில கருவியின் இயல்பினால் வருவன. அவற்றை அறிவினாலன்றித் திருத்த முடியாது.

கருவியின் அமைப்பு

எரிபொருள் மானி இரண்டு உறுப்புக்களால் ஆயது. ஒன்று முகப்பிலுள்ள முள் மானி. மற்றது தாங்கியின் மேற்றட்டில் பொருத்தப்பட்டு உள்ளே தொங்குவது. பின்னதைப் படகுத் தொழிலாளர் ‘சென்டர்’ என்பர். இக்கட்டுரையில் அதனை அனுப்பி என்போம். பழைய அமைப்பிலே அனுப்பியின் புயத்து நுனியில் ஒரு மிதவை உண்டு. எரிபொருள் ஏற ஏற மிதவையும் ஏறும்; புயத்தின் மறுநுனியிலுள்ள தொடுமுனை ஒரு தடைக்கம்பியின் மேல் வழுக்கிச் சென்று மின்தடையை மாற்றும். அத்தடைக்கேற்ப மின்னோட்டம் கூடியோ குறைந்தோ பாய, முகப்பிலுள்ள கம்பிச்சுருள்கள் முள்ளை அசைக்கும். 1827இல் ஓம் என்பார் வெளியிட்டதும், மாணாக்கர் பௌதிக ஆய்வுகூடத்திலே நாள்தோறும் கையாளுவதுமாகிய விதியே இங்குத் தொழிற்படுகின்றது.

அமெரிக்க முறையில் வெறுந்தாங்கிக்கு 240 ஓம், நிறைதாங்கிக்கு 33 ஓம் என வகுத்துள்ளனர். ஐரோப்பிய முறை இதற்கு மாறானது. அங்கு வெறுந்தாங்கிக்கு 10 ஓம், நிறைதாங்கிக்கு 180 ஓம். ஒரு முறைக்குரிய மானியை மற்ற முறைக்குரிய அனுப்பியோடு இணைத்தால், நிறைந்தது குறைந்ததாகவும் குறைந்தது நிறைந்ததாகவும் தோன்றும். பழைய படகை வாங்கியவர்கள் உறுப்புக்களை மாற்றும்போது இத்தவறு நேர்வதுண்டு.

இயல்பினால் வரும் பிழை

மானி அறிவது எரிபொருளின் கொள்ளளவையன்று. மிதவை நிற்கும் உயரத்தை மட்டுமே. தாங்கி செவ்வகப் பெட்டியாயின் இரண்டும் ஒன்றற்கொன்று நேர்விகிதத்தில் அமையும். ஆனால் படகின் அடிப்பாகம் கூரியது. அதனுள் அடங்குமாறு செய்த தாங்கியும் பெரும்பாலும் கீழே ஒடுங்கி மேலே அகன்றிருக்கும். அதன் குறுக்குவெட்டு முக்கோணமெனக் கொண்டால், கொள்ளளவு உயரத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறும். உயரம் பாதியாகும்போது கொள்ளளவு காற்பங்கேயாகும். 200 லீற்றர் கொள்ளும் அத்தகைய தாங்கியில் முள் ‘அரை’ என்று காட்டும்போது உள்ளிருப்பது 50 லீற்றர். ‘கால்’ என்று காட்டும்போது 12½ லீற்றர். மானியிற் பழுதொன்றும் இல்லை. ஆயினும் அதனை நம்பியவன் நடுக்கடலில் நிற்பான்.

படகின் சாய்வு மற்றொரு காரணம். விரைந்து செல்லும் படகு தன் முன்புறத்தை உயர்த்தும். எரிபொருள் பின்னோக்கி ஓடும். அனுப்பி தாங்கியின் பின்பகுதியில் இருந்தால் முள் கூடுதலாகவும், முன்பகுதியில் இருந்தால் குறைவாகவும் காட்டும். அலையின் மேல் எரிபொருள் தளம்புவதால் முள்ளும் ஊசலாடும். தாங்கியின் நடுவில் அனுப்பியைப் பொருத்துவதும், தாங்கியினுள் தடுப்புத் தட்டுக்கள் அமைப்பதும் இதனைக் குறைக்குமேயன்றி நீக்கா. படகு அசையாது சமநிலையில் நிற்கும்போது பார்த்த அளவே கொள்ளத்தக்கது.

பழுதினால் வரும் பிழை

பழுதுகளுக்கு முதற் காரணம் உப்புக்காற்று. மின்கம்பிகளின் இணைப்புக்களில் பச்சை நிறக் களிம்பு ஏறும். அது தேவையற்ற தடையாகச் சுற்றிலே சேரும். அனுப்பியை மின்கலவடுக்கின் மறைமுனையோடு இணைக்கும் தொடுப்பே பெரும்பாலும் முதலிற் கெடுவது. அமெரிக்க முறையிலே அரைத்தாங்கிக்குரிய தடை ஏறத்தாழ 103 ஓம். ஆதலால் மறைத்தொடுப்பில் 70 ஓம் தடை சேருமாயின் நிறைந்த தாங்கியும் அரைத்தாங்கியாகவே காட்சியளிக்கும். இது தொல்லையேயன்றி ஆபத்தன்று. ஐரோப்பிய முறையிலோ சேர்ந்த தடை முள்ளை நிறைவை நோக்கித் தள்ளும். கம்பி முற்றாக அறுந்தால் வெறுந்தாங்கியும் நிறைதாங்கியாகத் தோன்றும். ஒரு கருவி எத்திசையிற் பிழைக்கும் என்பதை அறிந்திருத்தல், அது பிழைக்கும் என்பதை அறிந்திருத்தலினும் பயனுடையது.

அனுப்பியினுள்ளே தடைக்கம்பி தேய்தலும், தொடுமுனை கறுத்தலும், மிதவை துளைபட்டு அமிழ்தலும் ஏனைய பழுதுகள். 2004இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியில் விற்பனையான பெற்றோலிற் கந்தகம் மிகுந்திருந்தமையால், மோட்டார் வண்டிகளின் அனுப்பிகளிலுள்ள வெள்ளித் தொடுமுனைகள் கெட்டு மானிகள் பிழைபட்டன. வெள்ளியும் கந்தகமும் கூடிக் கரிய வெள்ளிச் சல்பைட்டாதல் இரசாயனம் கற்போர் அறிந்ததே.

சோதிக்கும் ஒழுங்கு

பலர் முள் அசையவில்லையெனக் கண்டவுடன் புதிய மானியொன்றை வாங்கிப் பொருத்துவர். பழுது வேறிடத்தில் இருப்பதால் பணமே வீணாகும். உறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்வதே முறை.

முதலாவது, மானியைச் சோதிக்க வேண்டும். ஆளியைத் திறந்துவிட்டு, மானியின் பின்புறத்தில் அனுப்பியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றுக. அமெரிக்க வழக்கில் அது இளஞ்சிவப்பு நிறத்தது. பின்பு ஆளியை மூடுக. அமெரிக்க முறை மானியாயின் முள் ‘வெறுமை’யிற் கிடக்கும். கழற்றிய முனையைத் தாங்கிய அந்த ஆணிக்கும் மறைத்தொடுப்புக்கும் இடையே சிறு கம்பியொன்றை வைத்தால் முள் ‘நிறைவு’க்கு ஓட வேண்டும். ஐரோப்பிய முறையிற் காட்சி தலைகீழாகும். முள் இவ்வாறு ஓடினால் மானி நலமாயுள்ளது. ஓடாவிடின், மானிக்கு 12 வோல்ற்று மின்னழுத்தம் வருகின்றதா எனப் பார்த்த பின்னரே அதனைக் குறைகூறலாம். இச்சோதனையை முகப்பிலன்றித் தாங்கியின் அருகே செய்தலாகாது. அங்கு ஒரு பொறி எழுந்தாலும் பெருந்தீங்கு நேரும்.

இரண்டாவது, ஆளியைத் திறந்துவைத்து, கழற்றிய கம்பி நுனிக்கும் மறைத்தொடுப்புக்கும் இடையேயுள்ள தடையைப் பல்மானியால் அளக்க. கம்பி, அனுப்பி, மறைத்தொடுப்பு ஆகிய மூன்றின் கூட்டுத்தடையும் இவ்வோரளவில் வெளிப்படும். அது 33க்கும் 240க்கும் இடைப்பட்டு, தாங்கியிலுள்ள அளவோடு பொருந்துமாயின் யாவும் நலமே. எல்லையற்ற தடை காட்டினால் எங்கோ அறுந்துள்ளது. சுழியம் காட்டினால் எங்கோ குறுக்கே தொட்டுள்ளது.

மூன்றாவது, அளவு பொருந்தாதபோது, மின்சாரத்தை முற்றாக நீக்கியபின் தாங்கியருகே சென்று அனுப்பியின் இரு முனைகளுக்கிடையே தனியாக அளக்க. அங்குச் சரியான அளவு கிடைத்தால் குற்றம் கம்பியிலோ மறைத்தொடுப்பிலோ உள்ளது. இணைப்புக்களைச் சுரண்டித் துலக்கி, களிம்பேறிய கம்பிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியை இட்டால் போதும். அங்கும் பிழையாயின் அனுப்பியையே மாற்ற வேண்டும்.

மாற்றுதலும் காவலும்

பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது; படகின் அடிப்பள்ளத்திலே சென்று தங்கும். எனவே தாங்கியைத் திறக்குமுன் மூடிகளை அகற்றிக் காற்றோட்டம் செய்தல், மின்கலவடுக்கைக் கழற்றல், புகைத்தல் முதலியவற்றை விலக்கல் என்பன இன்றியமையாதன. உள்ளே எஞ்சின் உடைய பெற்றோற் படகுகளில், எஞ்சினைத் தொடக்குமுன் 4 நிமிடமேனும் காற்றூதியை இயக்குக என்னும் எச்சரிக்கையை அமெரிக்க விதிகள் வேண்டுவதும் இவ்வாவியை அஞ்சியே.

புதிய அனுப்பியைத் தாங்கியின் ஆழத்திற்கேற்பத் தெரிய வேண்டும். புயமுள்ள வகையில் அதன் சுழலச்சு ஆழத்தின் நடுவில் அமைதல் நன்று. இக்காலத்தில் வேறொரு வகையும் பெருவழக்காயுள்ளது. அதில் மூடிய குழாயினுள்ளே நுண்ணிய ஆளிகள் வரிசையாக இருக்கும். குழாயைச் சுற்றி ஏறியிறங்கும் மிதவையிலுள்ள காந்தம் அவற்றை மூடும். தேயும் தொடுமுனை எரிபொருளிற் படாமையால் அது நெடுநாள் உழைக்கும். ஆனால் முள் படிபடியாகவே அசையும். வழக்கமான 5 திருகாணித் துளைகள் சம இடைவெளியில் இல்லாமையால் அனுப்பி ஒரு நிலையிலேயே பொருந்தும்; வலிந்து பொருத்தினால் அடைப்புக் கெட்டு ஆவி கசியும்.

அறிவினால் திருத்துதல்

செப்பனிட்டபின்னும் தாங்கியின் வடிவம் மாறுவதில்லை. ஆதலால், ஏறத்தாழ வெறுமையான தாங்கியோடு படகைச் சமநிலையில் நிறுத்தி, 20 லீற்றர் வீதம் அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்குமிடத்தை ஓர் அட்டையிற் குறித்தல் வேண்டும். அவ்வட்டையை மானியின் அருகே ஒட்டி வைத்தால், பொய்யுரைத்த அதே முள் உண்மை கூறும் சாட்சியாகும். அடியிற் கிடக்கும் ஒரு பங்கை உறிஞ்சு குழாய் எட்டாது என்பதையும் கணக்கிற் கொள்க. எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளை எண்ணும் பாய்ச்சல்மானியும் உதவும். எனினும் அது செலவை அறியுமேயன்றி இருப்பை அறியாது. தாங்கியிற் கசிவு நேர்ந்தால் அதற்குத் தெரியாது.

இவையனைத்திற்கும் மேலாகப் படகோட்டிகள் கைக்கொள்ளும் நியதியொன்று உண்டு: எரிபொருளில் மூன்றிலொரு பங்கு செல்வதற்கு, மற்றொரு பங்கு மீள்வதற்கு, எஞ்சிய பங்கு எதிர்பாராததற்கு. எதிர்காற்றில் மீளும் பயணம் செல்லும் பயணத்தினும் கூடுதலாக உண்ணும் என்பதை அறிந்தவர் வகுத்த நியதி இது.

எந்தக் கருவியும் பொருளை நேரே காட்டுவதில்லை. அதன் ஓர் அடையாளத்தையே காட்டுகின்றது. அவ்வடையாளம் எத்தனை கைமாறி நம் கண்ணை எட்டுகின்றது என்று அறிந்தவனே கருவியைப் பழுது பார்க்கவும், அது சொல்வதை எவ்வளவிற்கு நம்பலாமென்று வரையறுக்கவும் வல்லவன். ஆய்வுகூடத்தில் மானிகளைப் படிக்கும் மாணாக்கருக்கும் கடலிற் படகைச் செலுத்துவோருக்கும் இவ்வுண்மை பொதுவானது. முன்னவர் தவறினால் விடையொன்று பிழைக்கும். பின்னவர் தவறினால் கரையே எட்டாது போகலாம்.