ரேடியோவில் 'கொர்ர்ர்' – காரணம் கம்ப்யூட்டர்!



ரேடியோ ஓடும்போது பக்கத்தில் கம்ப்யூட்டரைப் போட்டால் 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். உடனே ரேடியோ ரிப்பேர் என்று அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவார்கள். பாவம், அது தன் வேலையை ஒழுங்காத்தான் செய்யுது! இந்தச் சத்தத்துக்கு மின்காந்தக் குறுக்கீடு என்று பெயர்.

எப்படி வருகிறது?

கம்பியில் ஓடும் மின்னோட்டம் வேகமாக மாறினால் அதிலிருந்து மின்காந்த அலை கிளம்பும். 1880-களில் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தீப்பொறியை வைத்தே இதைச் செய்து காட்டினார்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டருக்கு 12, 5, 3.3 வோல்ட் போதும். இப்படிக் குறைப்பதற்கு உள்ளே எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி இருக்கிறது. அது மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடும். அது 60 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 120, 180, 240 என்று அதன் மடங்குகளிலும் அலை வரும். 12-ஆவது மடங்கு எவ்வளவு? 720! மயிலாப்பூர் பக்கம் காமராஜர் சாலையில் இருக்கிற சென்னை வானொலியின் மத்திய அலையும் 720 கிலோஹெர்ட்ஸ்தான். ரேடியோவுக்கு எது பாட்டு, எது இரைச்சல் என்று தெரியுமா? இரண்டையும் சேர்த்தே பிடிக்கும்.

இது பெரிய விஷயமா?

ஆமாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. அப்போது கைகொடுப்பது பேட்டரி ரேடியோதான். "கரண்ட் போனா கம்ப்யூட்டரும் நின்னுடுமே" என்று கேட்பீர்கள். ஆனால் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் ஓடுமே! அவையும் இதே சத்தம் போடும். ஊரூர் குப்பம், நொச்சிக்குப்பம் மீனவர்களுக்குப் புயல் செய்தியில் ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் ஆபத்து. எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேடியோதான் அவருக்குப் பேப்பர்.

குறைக்க என்ன வழி?

1. ரேடியோவைத் தள்ளி வையுங்கள். தூரம் கூடக் கூட இரைச்சல் மளமளவென்று குறையும்.

2. ரேடியோவை அப்படியே மெதுவாகத் திருப்புங்கள். மத்திய அலையைப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சி. அது ஒரு திசையில் இரைச்சலைக் குறைவாகப் பிடிக்கும்.

3. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்காதீர்கள். பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்க வேண்டும். ஷாக்குக்கும் இதுதான் பாதுகாப்பு.

4. கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியைத் திறந்துபோட்டு ஓட்டாதீர்கள். உலோகப் பெட்டி அலையைத் தடுக்கும். உலோகக் கூண்டு வெளியே உள்ள மின்புலத்தை உள்ளே விடாது என்று ஃபாரடே 1836-இலேயே காட்டிவிட்டார்.

5. சில கேபிள்களின் நுனியில் குண்டாக ஒன்று இருக்குமே, அது அழகுக்கு இல்லை! உள்ளே இருக்கும் ஃபெரைட் வளையம் இரைச்சலைத் தடுக்கிறது. அதை வெட்டாதீர்கள்.

6. ரேடியோவை பேட்டரியில் போடுங்கள். ஒயர் வழியாக வரும் இரைச்சல் நின்றுவிடும்.

தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் டி.வி.யைக் கெடுக்கின்றன என்று 1979-இல் அமெரிக்கா இதற்கு விதிகள் போட்டது. நம் அடையாறை அடுத்த தரமணியில் 'சமீர்' என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. கருவிகள் எவ்வளவு இரைச்சல் விடுகின்றன என்று அங்கே அளந்து பார்க்கிறார்கள்.

நீங்களே துப்பறியலாம்!

பேட்டரி ரேடியோவை 720-இல் வையுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, சார்ஜர், டி.வி., கம்ப்யூட்டர், எல்.இ.டி. பல்பு ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன்! ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கி ஷாக் அடிக்கும்.

உங்கள் வீட்டுத் திருடன் யார் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அடுத்த தாளில் பட்டியல் போடலாம்!