கலோரியை எண்ணினால் எடை குறையுமா?

மாணவர்கள் பலர் இன்று கைப்பேசியில் கலோரிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் எடை குறையுமா?

உடல் செலவிடுவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறையும். ஆனால், கணக்கு துல்லியமாக வருவதில்லை. ஒரு ரொட்டி சானாய்க்கு ஏறத்தாழ 300 கலோரி என்பார்கள். சுங்கைப்பட்டாணிக் கடைக்காரர் 10 கிராம் எண்ணெய் கூடுதலாக ஊற்றினால் 90 கலோரி ஏறிவிடும்.

உணவின் தன்மையும் முக்கியம். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 20 பேருக்கு ஆலையில் பதப்படுத்திய உணவும் வீட்டுச் சமையல் போன்ற உணவும் தலா இரண்டு வாரம் தரப்பட்டன. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகம் உண்டார்கள், எடையும் கூடியது.

கெடா தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி விடியலில் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து நடந்தார்கள். நாம் அமர்ந்து படிக்கிறோம். தேத்தண்ணீரில் சீனி மட்டும் குறையவில்லை. குவளைக்கு 4 தேக்கரண்டி என்றால், மூன்று குவளையில் 190 கலோரிக்கு மேல்!

ஆகவே, இரண்டு வாரம் சாப்பிடுவதை எழுதிப் பாருங்கள். எது மிகுதி என்று தெரிந்ததும் அதைக் குறையுங்கள். வளரும் வயதில் எண்ணுக்குப் பயந்து பட்டினி கிடக்க வேண்டாம்.