பஞ்சலிங்க அருவிக்குக் கிளம்பும் முன்

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தாச்சு; ஞாயிறு பனியன் கம்பெனிக்கு லீவு. திருமூர்த்தி மலைக்குப் போகலாமா? உடுமலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். அமணலிங்கேஸ்வரர் கோயிலைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் பஞ்சலிங்க அருவி. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக் காடு அது. கீழே வெயில்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். மலைமேல் மழை பிடித்தால் வெள்ளம் திடீரென இறங்கி, கோயிலையே சூழ்ந்துவிடும். அருவித் தண்ணீர் சட்டெனக் கலங்கினால் உடனே கரையேறுங்கள். அப்படிப்பட்ட நாளில் குளிக்கத் தடை போடுவார்கள். விசாரித்துவிட்டே பஸ் ஏறுங்கள். தின்பண்டப் பை பத்திரம், குரங்குகள் அங்கே கெட்டிக்காரர்கள்! அடிவாரத்தில் திருமூர்த்தி அணை. பரம்பிக்குளத் தண்ணீர் காண்டூர் கால்வாய் வழியே இங்கே வந்துதான் பல்லடம், காங்கேயம் வயல்களுக்குப் போகிறது.